சாமி கும்புடற ஊட்டுல வளந்தவங்க சொல்லுங்க, உங்க கருத்துல எது உங்களுது, எது ஊட்டோடது?

கவுந்தப்பாடி மஞ்சள் எழுதியது:

வணக்கமுங்க. ரொம்ப நாளா மனசுல கெடக்கற விசயம், இங்க கேட்டா நம்ம பக்கத்து ஆளுங்களே பதில் சொல்லுவீங்கன்னு எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

எனக்கு 31 வயசு, சொந்த ஊரு கவுந்தப்பாடி பக்கம், இப்ப சரவணம்பட்டியில ஐடி வேலை. எங்க ஊடு முழுக்க பக்தி ஊடு. அப்பா வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு கொடுமுடியில தீர்த்தம் எடுத்து பழனிக்கு நடப்பாரு, அம்மா பண்ணாரியில குண்டம் எறங்குவாங்க, மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிட்டா கம்பம் புடுங்கற வரைக்கும் ஊட்டுல கறி கெடையாது, வெளியூர் போனாலும் பொழுதோட திரும்பிரணும், ராத்தங்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் புடிச்சுத்தான் வளந்தேன், இன்னைக்கும் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறப்ப மனசு நெறையும்.

தாராபுரம் ரோட்டுல எங்க மாமன் தோட்டத்துக்கு முன்னாடி பாதயாத்திரைக்காரங்களுக்குப் பந்தல் போட்டு சோறு போடுவோம். வர்றவங்க யாரு என்ன சாதின்னு அப்பா ஒரு நாளும் கேட்டதில்ல, கால்ல கொப்புளம் வந்து உக்காந்திருந்தவருக்கு அவரே மஞ்சப்பத்துப் போட்டு விட்டதைப் பாத்திருக்கேன். அதே அப்பா, ஊட்டுல பண்ணயத்துக்கு வர்ற ஆளுக்கு கட்டுத்தரைக்கு அக்கட்ட செவுத்து மாடத்துல இருக்கற தனி டம்ளர்லதான் காப்பி ஊத்தச் சொல்லுவாரு. பந்தல்ல ஒரு மனுசன், கட்டுத்தரையில ஒரு மனுசன். சின்னதுல இது எனக்கு வித்தியாசமாவே தெரியல, அதுதான் இப்ப பயமா இருக்கு.

இன்னொன்னு. 2018ல சபரிமலைத் தீர்ப்பு வந்தப்ப ஆபீஸ்ல பொண்ணுங்க போகலாம்னு நான்தான் சத்தமா பேசினேன். ஆனா இன்னைக்கும் ஊட்டுக்குப் போறப்ப தூரமாயிட்டா சாமி ரூம் பக்கம் கால் போக மாட்டேங்குது, யாரும் தடுக்கல, அம்மாவே இப்பெல்லாம் ஒன்னுஞ் சொல்றதில்ல, என்ற காலே நின்னுக்குது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். என்ற தம்பி திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கான். கூட வேலை செய்யற பொண்ணைக் கட்டிக்கறேன்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான். அருந்ததியர் ஊட்டுப் பொண்ணு. நான் சாதி பாக்கறவ இல்லைன்னுதான் இத்தன வருசம் எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டு இருந்தேன், மனசாரத்தான் சொன்னேன். அவன் சொல்லி முடிச்ச ஒடனே எனக்கு மொதல்ல தோணுனது, குலதெய்வம் கோயில்ல இனி நம்மகிட்ட தலைக்கட்டு வரி வாங்குவாங்களா, அப்பா பொங்கல் வெக்கறப்ப நம்ம பானைக்கு எடம் குடுப்பாங்களா, இதுதான். அந்தப் பொண்ணு நல்லா இருக்குமான்னு அதுக்கப்பறம்தான் தோணுச்சு.

அதனால கேக்கறேன். இரக்கமும் இந்த ஊட்டுலதான் கத்துக்கிட்டேன், தீட்டும் இங்கதான் கத்துக்கிட்டேன், ரெண்டும் ஒரே திருநூத்துத் தட்டுல வந்துச்சு. நீங்கெல்லாம் எப்படிப் பிரிச்சீங்க? பிரிக்க முடிஞ்சுதா?


சென்னிமலை தறி எழுதியது:

அம்மிணி, நல்ல கேள்வி. நான் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன், ஊட்டுல தறியும் இருந்துச்சு, ரெண்டு எடத்துலயும் பாத்ததை வெச்சுச் சொல்றேன்.

எங்க அப்பாரு சன்மார்க்க சங்கத்துக்காரர். ஊட்டுல வள்ளலார் படம், அகல் விளக்கு, சைவச் சாப்பாடு, தைப்பூசத்துக்கு வடலூர். அங்க 1867ல மூட்டுன தருமசாலை அடுப்பு இன்னைக்கும் எரியுது, வந்தவன் பசிக்கு சோறு போடறதுக்கு சாதி கேக்கறதில்ல. அப்பாரு அதை அப்படியே ஊட்டுக்குள்ள கொண்டாந்தாரு, பாவு ஓட்ட வர்றவங்க, தெருக்கூட்ட வர்றவங்க எல்லாரும் எங்க திண்ணையில எங்க கூடவே உக்காந்து எங்க தட்டத்துலயேதான் சாப்புடுவாங்க. தெருவுல அதுக்காக எங்க ஊட்டை ஒதுக்கி வெச்சாங்க, அப்பாரு அசரல. நான் சாதிக்கு எதிரா நின்னதுக்கு எந்தக் கட்சியும் காரணமில்லீங்க, என்ற ஊட்டு பக்திதான் காரணம். அதனால மதம் பாத்து வளத்தாலே மனசு சுருங்கிரும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அதே சமயம் நம்ம ஈரோட்டையே பாருங்க. பெரியாரோட அப்பா வெங்கட்ட நாயக்கர் பெரிய வைணவ பக்தர், பெரிய மண்டி வியாபாரி, பாகவதரும் பண்டிதரும் வந்து போயிட்டே இருந்த ஊடு. அங்க கத கேட்டு கேள்வி கேட்டு வளந்த பையன்தான் 1904ல காசிக்குப் போயி, சத்திரத்துல பிராமணனில்லைன்னு சோறு கெடைக்காம பட்டினி கெடந்து, பொறவு அங்கிருந்து வேற ஆளாத் திரும்புனாரு. 1924ல வைக்கத்துல கோயில் தெருவுல நடக்கற உரிமைக்குப் போராடி ஜெயிலுக்குப் போனாரு, அவரு சம்சாரம் நாகம்மையாரும் போயி நின்னாங்க. 1921ல ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல் நடந்தப்ப நாகம்மையாரும் பெரியாரோட தங்கச்சி கண்ணம்மாளும்தான் முன்னால நின்னாங்க, ஆசார ஊட்டுப் பொம்பளைங்க தெருவுக்கு வந்து நிக்கறது அந்தக் காலத்துல சின்ன விசயமா. ஒரே மாதிரி பக்தி ஊடு, எங்க அப்பாரை ஒரு பக்கம் கொண்டு போச்சு, அவங்களை வேற பக்கம் கொண்டு போச்சு. ஆனா பாருங்க, ரெண்டு பக்கமும் சோத்துல கொண்டாந்துதான் விட்டுச்சு, யாரு கூட உக்காந்து சாப்புடறதுங்கறதுல.

உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லணும்னா, நம்ம ஊட்டுல யாரும் சாமியைத் தனியாச் சொல்லிக்குடுக்கறதில்ல, ஊர்க்கட்டுப்பாட்டை சாமி பேரைச் சொல்லிக் குடுத்தர்றாங்க. உங்க மனசுல மொதல்ல வந்தது முருகனோ மாரியாத்தாளோ இல்ல, வரி. வரிப்புத்தகத்தை எழுதறது சாமியில்ல, கோயில் கமிட்டி. அந்தப் புத்தகத்துல பேர் இருந்தாத்தான் கல்யாணத்துக்கு ஒறம்பரை வரும், எழவுக்குத் தோள் குடுக்க ஆள் வரும்னு நம்ம அப்பனாத்தா கண்ணுல பாத்து வளந்தவங்க. அதனால அவங்க பயத்தை லேசா எடை போடாதீங்க, ஆனா அதுக்கு பக்தின்னு பேர் வெக்காதீங்க.


காங்கேயத்துக் காடு எழுதியது:

வாத்தியாரய்யாவுக்கு வணக்கம். நான் பண்ணயம் பாக்கறவன், 47 வயசு, ரெண்டு பசங்க. கொஞ்சம் மாத்துக் கருத்து சொல்றேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

ஏனுங்க, எதுக்கெடுத்தாலும் ஊட்டு வளர்ப்பு மேலயே பழி போட்டா எப்படி. இந்தப் பொண்ணு இப்படி ஒரு கேள்வி கேக்கற அளவுக்கு மனசு வெளஞ்சிருக்குன்னா அதுவும் அந்த ஊட்டுலதானே வெளஞ்சுது. குடிக்காம, பொய் சொல்லாம, வட்டிக்கு விட்டு அடுத்தவன் காட்டைப் புடுங்காம இருக்கற ஆளுங்களை எங்க பக்கம் எண்ணிப் பாத்தா முக்காவாசி கோயில் கோயிலாப் போறவங்கதான். எங்கம்மா வெயில் காலத்துல மோர்ப்பந்தல் வெக்காம ஒரு வருசம் விட்டதில்ல. சாமி பயம் போயிட்டா அதுக்குப் பதிலா என்ன வெப்பீங்க? இன்னைக்குப் பசங்க செல்போன்ல சாதிப் பெருமை வீடியோ பாத்துட்டு கையில கயிறு கட்டிக்கிட்டு திரியறாங்க, அவனுக யாரும் மார்கழியில காலையில எந்திரிச்சு கோயிலுக்குப் போறவனுக இல்லைங்க. சாதிவெறி பக்தியில இருந்து வருதுன்னா அவனுகளுக்கு எங்கிருந்து வந்துச்சு?

அப்பறம் நம்ம சீரையே எடுத்துக்குங்க. எங்க கல்யாணத்துல அருமைக்காரர்தான் நடத்தி வெப்பாரு. நாவிதர் நின்னு மங்கல வாழ்த்துப் பாடோணும், வண்ணார் மாத்து விரிக்கோணும், எல்லாத்துக்கும் ஒரு எடம், ஒரு மரியாதை வெச்சுத்தான் பெரியவங்க சீரை அமைச்சிருக்காங்க. யாரையும் வேண்டாம்னு தள்ளல. அதைப் பூராவும் அடக்குமுறைன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டா எனக்கு மனசு வலிக்குது.

தம்பி கல்யாணத்தைப் பத்தி நான் கருத்து சொல்லல, அது உங்க ஊட்டு விசயம். பெத்தவங்களை ஒரேடியா எதிரியாக்கிப் போடாதீங்க, அவ்வளவுதான்.


உக்கடம் நூல்கண்டு எழுதியது:

நான் கோயமுத்தூர், ராவுத்தர் குடும்பம். எல்லாரும் கோயில் கதையா எழுதறீங்க, எங்க பக்கமும் இதே கத வேற துணி போட்டுட்டு நிக்குது, அதனால எழுதறேன்.

எங்க மார்க்கத்துல மாப்பிள்ளைதான் பொண்ணுக்கு மஹர் குடுக்கணும், அது பொண்ணோட சொந்தச் சொத்து, குர்ஆன்லயே இருக்கு. ஆனா எங்க அக்கா கல்யாணத்துக்கு அத்தா கைக்கூலி குடுத்தாங்க, நகை குடுத்தாங்க, வண்டி குடுத்தாங்க, கடன் அடைக்க கடையில பாதியைக் கை மாத்துனாங்க. நிக்காஹ் தஃப்தர்ல மஹர் எவ்வளவுன்னு எழுதறதுக்கு எடம் இருக்கு, கைக்கூலி எவ்வளவுன்னு எழுத எடம் இல்ல, அதனால எழுத்துல பாத்தா எல்லாமே சுத்தமா இருக்கும். நான் அப்ப காலேஜ் படிச்சுட்டு இருந்தேன், அத்தா ராத்திரி தொழுதுட்டு அப்படியே உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருந்தது கண்ணு முன்னாடி நிக்குது. ஊட்டுல பயான் கேக்காத நாள் கெடையாது, ஆனா இந்த ஒரு விசயத்துல மட்டும் மார்க்கம் பேசுனா "ஊர் வழக்கத்தை மாத்த முடியுமா"ம்பாங்க.

எங்க அண்ணன்தான் மாத்துனான். அவனுக்குப் பொண்ணு பாத்தப்ப ஒத்தப் பைசா வேண்டாம், மஹர் குடுத்துத்தான் கட்டுவேன்னு நின்னான், மாமா சாச்சா எல்லாம் சண்டைக்கு வந்தப்ப ஆயத்தை எடுத்துக் காட்டி வாயடைச்சான். அப்ப எனக்குப் புரிஞ்சது, வழக்கத்தை அடிக்கறதுக்கு மதத்தையே எடுத்துக்கலாம். அப்படித்தான் நான் வரதட்சணைக்கு எதிரா ஆனேன், வெளியில இருந்து யாரும் வந்து சொல்லித்தரல.

ஆனா கத அதோட முடியல. அதே அண்ணன்தான் நான் வேலைக்குப் போறதுக்கும் ஸ்கூட்டி ஓட்டறதுக்கும் இன்னிக்கு வரைக்கும் மூஞ்சி தூக்கறான். சொத்துல எங்களுக்கு ஆணுக்கு ரெண்டு பங்குன்னா பொண்ணுக்கு ஒரு பங்கு உண்டு, அந்த ஒரு பங்கையாவது குடுங்கன்னு அக்கா கேட்டப்ப "கல்யாணத்துக்குச் செஞ்சாச்சே"ன்னு சொன்னவனும் அவன்தான். உங்க பக்கத்துலயும் இது அப்படித்தானே நடக்குது? 1989லயே தமிழ்நாட்டுல இந்துப் பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துருச்சு, 2005ல நாடு முழுக்க வந்துருச்சு, இருந்தும் என் கூட வேலை செய்யற கவுண்டர் ஊட்டுப் பொண்ணுங்க எத்தன பேரு அண்ணந்தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டு "அப்பறம் பொறந்த ஊட்டுக்குப் போக வர இருக்கணுமே"ன்னு சொல்றாங்க. மதம் வேற வேற, சார்பதிவாளர் ஆபீஸ்ல வெக்கற கைநாட்டு ஒன்னுதான்.

இன்னொன்னும் சொல்லணும். ஊட்டுல என்ன சொல்லி வளத்தாங்கங்கறது பாதிதான். 98 குண்டுவெடிப்பு நடந்தப்ப நான் ரெண்டாங்கிளாஸோ மூணாங்கிளாஸோ. அதுக்கப்பறம் எங்க ஆளுங்களுக்கு ஊருக்குள்ள மத்த ஏரியாவுல வாடகை ஊடு கெடைக்கறதே பெரும்பாடாப் போச்சு, எல்லாரும் ஒரே பக்கமா வந்து அடைஞ்சோம். அடைஞ்ச எடத்துல கட்டுப்பாடும் எறுகும், பொண்ணுங்க மேல கண்ணும் கூடும். எங்கம்மா முன்னாடி டவுன்ஹால் வரைக்கும் தனியாப் போயி துணி எடுத்துட்டு வருவாங்க, அதுக்கப்பறம் நின்னு போச்சு. அதை எங்க மதம் பண்ணுச்சா, வெளியில இருந்து வந்த பயம் பண்ணுச்சா, என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.


அமராவதிக் கரை எழுதியது:

தாராபுரத்துல இருந்து எழுதறேன். நாங்க சிஎஸ்ஐ. தாத்தா காலத்துல கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம், அதுக்கு முன்னாடி என்ன சாதின்னு சொல்லாமயே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். மிஷன் பள்ளிக்கூடம் இல்லைன்னா தாத்தா எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கவே முடியாது, அந்த நன்றி எங்க ஊட்டுல நாலு தலைமுறைக்கும் தீராது.

அதனால எங்க ஊட்டுல சின்னதுலயே ரெண்டு பாடம். தேவனுக்கு முன்னாடி எல்லாரும் சமம், அது ராத்திரி குடும்ப ஜெபத்துல. இன்னொன்னு, ஞானஸ்நானம் வாங்குனாலும் ஊர் நம்மளை அதே கண்ணுலதான் பாக்கும், அது பகல்ல டீக்கடையில. சர்க்காரும் அதுல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கு. 1950ல வந்த ஜனாதிபதி ஆணைப்படி இந்துவா இருந்தாத்தான் எஸ்சி, பொறவு 1956ல சீக்கியரைச் சேத்தாங்க, 1990ல பௌத்தரைச் சேத்தாங்க, நாங்க இன்னும் வெளியிலதான். எங்க சர்டிபிகேட்ல பிசி. ஊருக்குள்ள யாரும் எங்களை பிசியா நடத்தல. இட ஒதுக்கீடு பத்தி யாராவது லேசாப் பேசுனா எனக்கு வர்ற கோவம் இங்க இருந்து வர்றதுதான், அதை மதம் தந்த கருத்துன்னும் சொல்லலாம், மதம் மாறியும் தீராததால வந்த கருத்துன்னும் சொல்லலாம். சபைக்குள்ளயும் சுத்தம்னு சொல்ல மாட்டேன், மணமகள் தேவை விளம்பரத்துல "இரட்சிக்கப்பட்ட"ன்னு எழுதிட்டு பக்கத்துலயே சாதியும் எழுதறாங்க.

நான் எழுத வந்தது வேற. எங்க சித்தி பையன், எனக்குத் தம்பி முறை, கொயர்ல கீபோர்டு வாசிப்பான். ஆம்பளைங்க மேலதான் அவனுக்கு விருப்பம்னு காலேஜ் முடிச்சப்ப ஊட்டுல சொன்னான். உபவாச ஜெபம் வெச்சாங்க, ஊழியக்காரர் ஒருத்தர் தலையில கை வெச்சு அசுத்த ஆவின்னு சத்தம் போட்டாரு, பொறவு கோயமுத்தூருக்கு யாரோ டாக்டர்கிட்ட மாத்தறதுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 2018லயே சுப்ரீம் கோர்ட் அது குத்தமில்லைன்னு சொல்லிருச்சு, நானும் பேப்பர்ல படிச்சேன், படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டேன், ஏன்னா ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல கேட்டது என் மண்டையில அதுக்கும் மேல உக்காந்திருந்துச்சு.

என்னை அசைச்சது 2021ல மெட்ராஸ் ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவு. ஊட்டை விட்டு வந்த ரெண்டு பொண்ணுங்க கேஸ். இந்த விசயத்துல எனக்கே சரியான புரிதல் இல்லைன்னு சொல்லி, அவரே ஒரு மனநல நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்பறம்தான் எழுதுனாரு. வைத்தியம் பண்ணி மாத்தறேன்னு யாரும் கெளம்பக் கூடாதுன்னு தடையும் போட்டாரு. அவ்வளவு பெரிய எடத்துல இருக்கறவர் நான் வளந்த விதத்துல இது எனக்குச் சொல்லித்தரப்படல, கேட்டுக்கறேன்னு எறங்கி வர்றாருன்னா நமக்கென்ன. நான் தம்பியைக் கூட்டி வெச்சு, ஒரு வசனமும் சொல்லாம, என்னடா நடந்துச்சு சொல்லுன்னு கேட்டேன். விடிய விடியப் பேசுனான். இப்ப அவன் பெங்களூர்ல இருக்கான், கிறிஸ்மஸுக்கு எங்க ஊட்டுக்கு வருவான், சித்தி ஊட்டுக்குப் போக மாட்டான். நான் இன்னும் சபைக்குப் போறேன், இன்னும் விசுவாசிதான். அந்த ஊழியக்காரர் வந்தா மட்டும் எந்திரிச்சு வெளிய வந்துருவேன்.

மஞ்சள் அக்கா, எது என்னுது எது ஊட்டோடதுன்னு ஒக்காந்து யோசிச்சு நான் பிரிக்கல. தம்பி அழுத அழுகையில தானாப் பிரிஞ்சுது.


அவினாசி ரோட்டோரம் எழுதியது:

எல்லாத்தையும் படிச்சேன். நான் அருந்ததியர் ஊட்டுப் பொண்ணு, நர்ஸா இருக்கேன். உங்க ஊட்டுல என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு எல்லாரும் எழுதிட்டீங்க, எங்க ஊட்டுல என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு நான் எழுதறேன்.

நாங்களும் பக்தி ஊடுதாங்க. மதுரைவீரன் கும்புடறோம், மாரியம்மன் நோம்பிக்கு எங்கப்பாதான் கொட்டு அடிப்பாரு, அவரு அடிச்சாத்தான் கம்பத்துக்கிட்ட ஊரே ஆடும். எங்கம்மா எங்களுக்குச் சொல்லிக்குடுத்த மொதல் சாமி பாடம் எங்க நிக்கோணுங்கறது. கோயில்ல இந்தக் கல்லுக்கு இக்கட்ட, மாவெளக்கு இவங்கெல்லாம் எடுத்து முடிச்ச பொறவு, திருநூறு குடுத்தா கையை ஏந்தி வாங்கோணும், தொட்டறக் கூடாது. இது உங்களுக்குக் கட்டுப்பாடுன்னா எங்களுக்கு இதுதான் மதமாவே வந்து சேந்துச்சு.

காங்கேயத்து அண்ணா, சீர்ல எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நாவிதர் பாடறாரு, வண்ணார் விரிக்கறாரு, எங்கப்பா கொட்டறாரு, சரிங்ணா. பாடி முடிச்சு, விரிச்சு முடிச்சு, கொட்டி முடிச்சு அவங்க பந்தியில எந்த எலையில உக்காந்தாங்கன்னும் எழுதுங்க. வேலைக்குத்தான் எடம் இருந்துச்சுங்க, ஆளுக்கு இல்ல. கையில கயிறு கட்டிக்கிட்டுத் திரியற பசங்க கோயிலுக்குப் போறதில்லைன்னு சொன்னது உண்மைதான், ஆனா தனி டம்ளரை அவனுக வெக்கல, மார்கழி தவறாம கோயிலுக்குப் போறவங்க வெச்சதுதான் அது.

இன்னொன்னும் கேக்கறேன். நம்ம பக்கம் பசங்களுக்குப் பொண்ணு கெடைக்காம பாலக்காட்டுப் பக்கமெல்லாம் போயி கட்டிட்டு வர்றாங்க, எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான். அந்தப் பொண்ணு என்ன குலம் என்ன கூட்டம்னு அங்க போயி யாரு நோண்டறா? அந்த ஊட்டு வரி நின்னு போச்சா? பொட்டப்புள்ள வேண்டாம்னு ஒரு காலத்துல செஞ்சதுக்குத்தானே சேலத்துல 1992ல தொட்டில் கொழந்தைத் திட்டமே கொண்டு வந்தாங்க, அதோட வெளைவு இப்ப வாசல்ல நிக்குது. வேணுங்கறப்ப கட்டுப்பாடு வளையுது. எங்க ஊட்டுப் பொண்ணுன்னா மட்டும் வளையறதில்ல.

மஞ்சள் அக்கா, நீங்க மனசுல வந்ததை மறைக்காம எழுதுனதுக்கு நான் மரியாதை குடுக்கறேன். ஆனா எனக்கு அந்தப் பொண்ணு நெலமதான் நெனப்புல ஓடுது. 2015ல திருச்செங்கோட்டுக் கோயிலுக்குச் சாமி கும்புடப் போன எங்க மாதிரி ஊட்டுப் பையனை அங்க இருந்தே கூட்டிட்டுப் போயி கொன்னு ரயில் ரோட்டுல போட்டாங்க, 2022ல கோர்ட்டு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. பாதி ஆணு பாதி பொண்ணுன்னு சாமி நிக்கற கோயிலுங்க அது. 2016ல உடுமலையில சாதி மாறிக் கட்டுன சங்கரை வெட்டிக் கொன்னாங்க, பட்டப்பகல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஊரே பாக்க. உங்க தம்பிக்கும் அந்தப் பொண்ணுக்கும் மொதல்ல வேண்டியது பாதுகாப்பு, கோயில் வரி பொறவு.

அதனால நடைமுறையாச் சொல்றேன். ரெண்டு பேரும் இந்துன்னா ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்துல 30 நாள் நோட்டீஸ் ஒட்டற வழிக்குப் போகவே வேண்டாம், அந்த நோட்டீஸைப் பாத்துத்தான் பாதி ஊட்டுல சேதி போகுது. 1967ல அண்ணா ஆட்சியில சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டு வந்தாங்க, மாலை மாத்தியோ, மோதரம் போட்டோ, தாலி கட்டியோ கல்யாணம் பண்ணிக்கலாம், அதைப் பதிவும் பண்ணலாம். ஊரைக் கூட்டித்தான் பண்ணணும்னு இல்லைன்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. 2018லயே சாதி மாறிக் கட்டறவங்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு தனிப் பிரிவு வெச்சுப் பாதுகாப்புக் குடுக்கணும்னு அதே கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே வக்கீலைப் பாத்து, எழுத்துல மனு குடுத்து, ரசீது வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க. இதை அப்பாகிட்ட எப்ப சொல்றதுன்னு அதுக்கப்பறம் முடிவு பண்ணுங்க, நீங்க மட்டும் முடிவு பண்ணாதீங்க, அந்தப் பொண்ணையும் கேளுங்க.


காங்கேயத்துக் காடு எழுதியது:

தங்கச்சி, பந்தியைப் பத்தி நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்லைங்க. கடைசிப் பந்தி, இல்லைன்னா ஊட்டுக்குக் குடுத்து விடறது, அப்படித்தான் நடந்துச்சு, நடக்குது. சீர் மேல எனக்கு இருக்கற பிரியம் போகாது, ஆனா நீங்க எழுதுனதைப் படிச்சுட்டு அதை வெச்சு இனி வாதாட மாட்டேன்.

வரி விசயம் எங்க கோயில்லயும் உண்டு. ரெண்டு ஊட்டை நிறுத்தி வெச்சிருக்காங்க. கமிட்டியில என்ற பங்காளிங்கதான் இருக்காங்க, பேசுனா எடுபடுமான்னு உறுதி சொல்ல முடியாது, பேசறேன்.


கவுந்தப்பாடி மஞ்சள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. வாத்தியாரய்யா சொன்னதையும் அமராவதி சொன்னதையும் தம்பிக்கு அனுப்பிட்டேன். நூல்கண்டு அக்கா, விடுதலைப் பத்திரம் பத்தி நீங்க எழுதுனது நெஞ்சுல குத்துச்சு, எங்கப்பா போன தைக்கே எங்கிட்ட அந்தப் பேச்சை எடுத்தாரு, நானும் சரின்னு சொல்லி வெச்சிருந்தேன். இப்ப கையெழுத்துப் போடறதா இல்லைங்க. என்ற பேர்ல நெலம் இருந்தா நாளைக்கு தம்பியை ஊட்டை விட்டு வெளிய நிறுத்துனாலும் அவன் நிக்கறதுக்கு ஒரு எடம் இருக்கும்.

ரோட்டோரம், உங்களுக்குத்தான் கடைசியா எழுதறேன். தம்பிகிட்ட நேத்து ராத்திரி பேசுனேன், அந்தப் பொண்ணுகிட்டயும் போன்ல பேசுனேன். வக்கீலைப் பாக்கறதுக்கு ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணோட அம்மாவை நான் போயிப் பாக்கலாம்னு இருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை, அப்பா அம்மாவுக்குத் தெரியாம. அவங்களுக்கும் பயம் இருக்கும்ல. போனா எப்படி நடந்துக்கறது, என்ன கொண்டு போறதுன்னு சொல்லுங்க, எனக்கு நெசமாவே தெரியல.


அவினாசி ரோட்டோரம் எழுதியது:

பூவும் பழமும் போதுங்க்கா. பட்டுச்சீலை கட்டிட்டு கார்ல போயி எறங்காதீங்க, தெருவே பாக்கும், மறுநாள் சேதி உங்க ஊருக்கு வந்துரும். பஸ்ல போங்க. வாசல்லயே சேர் போட்டு உக்கார வெக்கப் பாப்பாங்க, உங்களை உள்ள கூப்புட சங்கடப்படுவாங்க, நீங்களா உள்ள வர்றேன்னு சொல்லி அடுப்படிப் பக்கம் போயி உக்காருங்க. தண்ணி மட்டும் குடிச்சுட்டு "வயிறு ரொம்பிருச்சு"ன்னு எந்திரிச்சறாதீங்க, அதை அவங்க ஆயிரம் தடவை பாத்திருப்பாங்க. சோறு போட்டா சாப்புடுங்க, ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்குங்க.

அவங்க வேண்டாம்னு சொன்னாலும் கோவிச்சுக்காதீங்க. பொண்ணைப் பெத்தவங்க, அவங்க பயம் உங்க அப்பா பயத்தை விடப் பெருசு.

திருப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச வக்கீலம்மா ஒருத்தங்க இருக்காங்க, இந்த மாதிரி கேஸ் நெறைய பாத்தவங்க. நம்பரை இன்பாக்ஸ்ல போட்டிருக்கேன், திங்கக்கிழமை பத்து மணிக்கு மேல கூப்புடுங்க.